பொம்மைப் படமென்று புறந்தள்ளுவோர்க்கு

சென்ற தைத்திங்களில் இம்மாநகரில் நிகழ்ந்த தமிழ் விழாவொன்றில் சிறுவர்க்கெனப் பேச்சுப் போட்டி வைத்திருந்தனர். 'நான் விரும்பும் காப்பிய மாந்தர்' என்பது தலைப்பு. கண்ணகி பற்றி நால்வரும் இராமன் பற்றி மூவரும் முழங்கினர். தந்தையார் எழுதித் தந்ததைத் தாயார் மனப்பாடம் செய்வித்த பேச்சுகள் அவை என்பது மேடையின் பக்கத்தில் நின்று முதற்சொல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெற்றோரைப் பார்த்தாலே விளங்கிற்று. எட்டாவதாகப் பேச வந்த சிறுமிக்கு வயது பதினொன்று. அவள் எடுத்துக்கொண்ட மாந்தன் கும்பகருணன். கையில் தாள் இல்லை. பக்கத்தில் தந்தை இல்லை. தந்தை கடைசி வரிசையில் அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அத்தந்தை நாமே என்பதை மறைப்பானேன்?

"நான் கும்பகருணனைப் புத்தகத்தில் படிக்கவில்லை, படத்தில் பார்த்தேன்" என்றுதான் குழந்தை தொடங்கினாள். அவனை எப்படியெல்லாம் எழுப்பினார்கள் என்பதைக் கைகளால் காட்டினாள். "எழுப்பினவங்களுக்கு அவன் சாகப்போறான்னு தெரியும். அவனுக்குத் தூக்கம்கூடக் கலையலை" என்றாள். ஐந்து நிமிடத்தில் மூன்று இடங்களில் வங்கச்சொல் கலந்தது. ஓரிடத்தில் எழுவாய் ஒருபுறமும் பயனிலை மறுபுறமுமாக நின்றன. ஆயினும், வீட்டில் "சாப்பிட்டாயா" என்று கேட்டால் மூன்று மொழிகளில் எதிலேனும் ஒரு சொல்லில் விடை தந்துவிட்டு ஓடும் பிள்ளை, தன் வாழ்நாளில் முதன்முறையாக ஐந்து நிமிடம் தமிழில் தொடர்ந்து சிந்தித்ததை நாம் அன்று கண்டோம். நடுவராய் அமர்ந்த பெரியவரோ முறுவலித்து, "குழந்தாய், இஃது இலக்கிய மேடை, பொம்மைப் படக் கொட்டகை அன்று" என்றார். அவள் பேச்சு மதிப்பெண்ணுக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. நடுவர் தமிழ் கற்றவர், நம் மதிப்புக்குரியவர், பெயர் கூறோம். பரிசு போனதில் நமக்கு வருத்தமில்லை. 'பொம்மைப் படம்' என்னும் அச்சொல்லோடுதான் நமக்கு வழக்கு. அதனை இம்மலரின் பக்கங்களில் நடத்த இசைவு தந்த அன்பர்க்கு நன்றி.

முதலில் நாம் யார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். மைய அரசின் அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலம் தள்ளும் எழுத்தர், பி.ஏ. வரை படித்தவர், நாற்பத்தைந்தை நெருங்குபவர். தாமிரவருணிக் கரையில் பிறந்து, தேர்வெழுதி, ஆணை வந்த ஊருக்கெல்லாம் பெட்டி கட்டி, இறுதியில் லேக் மார்க்கெட் அருகே வாடகை வீட்டில் நிலைகொண்டோம். ஞாயிறு காலையில் வாழையிலைக்கும் காப்பிப் பொடிக்கும் மல்லிகைச் சரத்துக்கும் அங்காடிக்குப் போகும் நம்மவர் கூட்டத்தில் ஒருவர். 1993-இல் தூரதர்சனில் ஞாயிறுதோறும் ஜப்பானியர் வரைந்த 'ஜங்கிள் புக்' தொடர் வந்தபோது, இந்தி ஓரெழுத்தும் அறியாத நாமும் நம் தெருப் பிள்ளைகளும் எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போட்டு மௌக்லிக்காகக் காத்துக் கிடந்தோம். இன்று அலுவலகத்தில் நமக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் வங்க நண்பரும் அதே ஞாயிறுகளில், அதே நேரத்தில், பர்த்வானில் காத்துக் கிடந்தவர். நாங்கள் இருவரும் நண்பரானது அலுவலகக் கோப்பினால் அன்று. ஓநாய் வளர்த்த அப்பிள்ளையால்.

இனி வழக்குக்கு வருவோம். பொம்மை அசைவதைப் பார்த்து இராமகதை கேட்பது தமிழனுக்கு இழிவு என்றால், அவ்விழிவு ஜப்பானிலிருந்து வந்ததன்று. ஆட்டுத்தோலில் மாந்தரை வெட்டி, வண்ணந்தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கேற்றி ஆட்டிய தோற்பாவைக் கூத்தில்தான் நம் தென்மாவட்டத்துச் சிற்றூரார் தலைமுறை தலைமுறையாக அனுமனையும் இராவணனையும் கண்ணாரக் கண்டனர். அக்கூத்தில் காப்பியத்துள் எங்குமில்லாத உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்கவைப்பர். இராமனை மறந்தவர்கூட உளுவத்தலையனை மறந்ததில்லை. திரையில் ஆடும் உருவத்தின்மீது வைத்த அன்பு என்பது இதுவன்றி வேறென்ன? அக்கூத்தை நடத்திவந்த மண்டிகர் என்பார் வீட்டில் மராத்தி பேசுவோர் என்பதையும் நடுவர் பெருமகனார் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் நிகழும் பாவைக்கூத்தோ இன்னும் வியப்புக்குரியது. அங்கே கூத்துமாடம் என்றே தனிக் கட்டடம் உண்டு. நிழற்பாவைகளை ஆட்டியவாறு புலவர் பாடுவது கம்பன் பாடல்களை. மலையாள மண்ணில் கம்பனுக்குப் பொருள் விரித்துரைக்கும் இரவுகள் அவை. தாருகனோடு பொருதுகொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணமுடியாமற்போன பத்திரகாளிக்காக அதனை ஆடிக்காட்டுகின்றனர் என்பது அவர்தம் நம்பிக்கை. நள்ளிரவு தாண்டினால் முன்னே ஓர் ஆளும் இராது. திரைக்குப் பின்னே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், பாட்டு நிற்காது. பார்ப்பாரின்றியும் பல நூற்றாண்டு ஆடிய கலை அது. கம்பனைச் சுமந்தது ஏட்டுச்சுவடி மட்டும் அன்று, பொம்மையுந்தான் என்று சொன்னால் எந்தக் கம்பன் கழகம் மறுக்கும்?

இந்நிழற்கலை உலகில் எங்குச் சென்று எதுவாயிற்று என்பதும் அறியத்தக்கதே. ஜெர்மானிய அம்மையார் லோட்டே ரெய்னிகர் கருந்தாளில் உருவங்களைக் கத்தரித்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்து, 1926-இல் இளவரசன் அகமதுவின் கதையை முழுநீளப் படமாக்கினார். இன்றும் கிடைக்கும் முழுநீளச் சித்திரப் படங்களுள் மூத்தது அதுவே. அம்மையார் செய்ததைப் பாவைக்கூத்துக்காரர் ஒருவர் பார்த்திருந்தால் "நம் தொழில்தான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டிருப்பார்.

நம் மகள் பார்த்த படத்தின் வரலாறு, நம்மவர் சினத்துக்கு முன்னமே ஆளானதொன்று. யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், பேராசிரியர் பி.பி.லால் நிகழ்த்திய அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக 1983-இல் இங்கு வந்தவர். இராமகதையின்மீது காதல்கொண்டு, ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களையெல்லாம் தேடிப் படித்தவர். நடிகனை நிறுத்தினால் நடிகனே தெரிவான், இராமன் தெரியான். ஆகவே வரைதலே தக்கது என்று துணிந்தார். அயலார் ஒருவர் இராமாயணத்தைத் தம் விருப்பப்படி படமாக்கலாகாது என்று விசுவ இந்து பரிஷத்திடமிருந்து ஜப்பானியத் தூதரகத்துக்குக் கடிதம் போயிற்று. கூட்டுத் தயாரிப்புக்கு நம் அரசும் இணங்கவில்லை. புனிதமான கதையைக் கார்ட்டூனாகக் காட்டுவதா என்பதே தடை. நம் நடுவர் சொன்னதையே தில்லியும் சொல்லியிருக்கிறது! சாகோ பின்வாங்கவில்லை. இந்தியத் தரப்பில் ராம் மோகன் இணைந்தார். இரு நாட்டு ஓவியரும் கையால் வரைந்தனர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். 1992-இல் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' நிறைவெய்தியது, 1993-இல் தில்லியில் அனைத்துலகத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. அதன்பின்? நாடு முழுதும் முறையாகத் திரையிடப்பெறாமலே பெட்டிக்குள் போயிற்று.

அயலார் தொடலாகாது என்ற வாதத்துக்கு விடைசொல்ல நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. வடமொழிக் கதையைத் தமிழில் பாடிய கம்பரை எவர் தடுத்தார்? அதே கதையை வங்கத்தில் பாடிய கிருத்திவாசர், இராமன் காலமல்லாக் காலத்தில் துர்க்கையை எழுப்பி வழிபட்டதாகப் பாடி வைத்தார்; அதனால் அன்றோ இந்நகரம் புரட்டாசி ஐப்பசியில் பந்தல் பந்தலாக ஒளிர்கிறது, நமக்கும் அலுவலக விடுமுறை கிடைக்கிறது! கதை என்பது எல்லைச் சாவடியில் அனுமதிச் சீட்டுக் காட்டிவிட்டு நுழைவதன்று.

ராம் மோகன் பற்றி இங்கே சிறிது நின்று சொல்ல விரும்புகிறோம். எழுத்தர் என்ற முறையில் நமக்கு அதில் ஒரு தனி இன்பம். அவர் 1956-இல் சேர்ந்த இடம் எது? மைய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன். அங்கே கார்ட்டூன் பிரிவு என ஒன்று இருந்தது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி தந்தார். 1957-இல் ஜாதகக் கதையொன்றை 'தி பேனியன் டீர்' என்ற வண்ணப்படமாக அப்பிரிவு வெளியிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு மானுக்குக் கால் வரைந்த அரசு ஊழியர்கள் இந்நாட்டில் இருந்திருக்கின்றனர் என்பதை அறிந்த நாளில் நம் மேசைமீதிருந்த கோப்பும் சற்று இலேசாயிற்று. அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் 1974-இல் 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' என்ற ஏழு நிமிடப் படத்தைத் தந்தது. இயக்கியவர் விஜயா முலே அம்மையார். அவரும் மைய அரசின் கல்வித்துறை அலுவலரே. சத்யஜித் ராய் தலைவராக 1959-இல் அமைந்த திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் செயலாளராகத் தொண்டாற்றியவர். வேடன் வலையோடு பறந்த புறாக்களின் பழங்கதைதான் அப்படத்தின் பொருள். அதன் பாட்டை முணுமுணுக்கத் தெரியாத நம் வயதினர் எந்த மாநிலத்திலேனும் உளரோ? இந்தித் திணிப்பைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நம் நண்பரொருவரே, குளியலறையில் அப்பாட்டைப் பாடக் கேட்டிருக்கிறோம். அவர் கொள்கையில் பழுதில்லை. அவருள்ளே ஐந்து வயதுப் பிள்ளையொன்று உயிரோடிருக்கிறது.

ராம் மோகன் பின்னாளில் யுனிசெஃப் அமைப்புக்காக உருவாக்கிய மீனா என்னும் சிறுமியையும் குறிக்க வேண்டும். பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண். தோளில் மித்து என்னும் கிளி. பெண்பிள்ளைக்கும் பள்ளி வேண்டும், தம்பிக்கு வைக்கும் முட்டையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டவள். வங்கதேசத்தில் அவளை அறியாத குடும்பம் அரிது. நம்மவரிடையே அவள் பெயரைச் சொன்னால் நடிகையைப் பற்றியே பேசுகின்றனர்.

இந்நகரத்தில் வாழும் நாம் இதனையெல்லாம் அறியாதிருப்பது இரட்டைப் பிழை. காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் டாலிகஞ்ச். அங்கே பி.என்.சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் கூடத்திலிருந்துதான் 1934-இல் குணமய் பானர்ஜியின் 'தி பீ பிரதர்ஸ்' என்ற சிறு சித்திரப்படம் வெளிவந்தது. பட்டாணிகள் உடற்பயிற்சி செய்யும் படம். இந்தியாவில் திரையிடப்பெற்ற தொடக்ககாலச் சித்திரப் படங்களுள் அஃது ஒன்று. 'வள்ளி திருமணம்' முதலான தமிழ்ப் பேசும் படங்களைக் கல்கத்தாவில் எடுத்த அதே காலம் அது. நம் முன்னோர் படமெடுக்க இரயிலேறி வந்த ஊரில், நாம் படத்தை இகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

வங்கர் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. நெரிசல் நேரப் பேருந்தில் அவரோடு பயணம் செய்தவர் எவரும் அப்படிச் சொல்லார். ஆனால் சிறுவர்க்குரியதைச் சிறியது என்று அவர் கருதுவதில்லை. உபேந்திரகிஷோர் 'சந்தேஷ்' இதழில் 1915-இல் கூபியையும் பாகாவையும் படைத்தார். பேரன் சத்யஜித் ராய் 1969-இல் அவர்களைத் திரைக்குக் கொணர்ந்தார். ஹாண்டா போண்டா, பாண்டுல், நண்டே ஃபண்டே என்று சிறுவர்க்காக வாழ்நாளெல்லாம் வரைந்த நாராயண் தேப்நாத் அவர்களைச் சாகித்திய அக்காதெமி 2013-இல் சிறுவர் இலக்கியப் பரிசு தந்து போற்றியது. 2021-இல் பத்மசிறீ வந்தது. 2022 சனவரியில் அவர் மறைந்தபோது அலுவலகத்தில் ஐம்பது வயது மனிதர்கள் கண் கலங்கியதைப் பார்த்தோம். நம் வாண்டுமாமா 2014-இல் மறைந்தபோது எத்தனை சங்கங்கள் இரங்கல் கூட்டம் நடத்தின? எண்ணிப் பார்க்க விரல் ஐந்தும் வேண்டியிராது.

அக்கூபியும் பாகாவும் மீண்டும் சித்திர உருவில் வந்தனர். ஷில்பா ரானடே இயக்கிய 'கூபி கவையா பாகா பஜையா' 2013-இல் டொரண்டோ விழாவில் காட்டப்பெற்றது. குழந்தைகள் திரைப்படச் சங்கத்தின் படம். உருவாக்கத்தில் நம் சென்னையின் கரடி டேல்ஸுக்கும் பங்குண்டு. நிழற்பாவை போலவும் பழந்துணி ஓவியம் போலவும் ஒவ்வொரு காட்சியும் இழைக்கப்பட்ட அப்படம் திரையரங்குக்கு வர 2019 மார்ச்சு ஆயிற்று. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. மேலே சொன்ன பர்த்வான் நண்பர் அதனைப் பதினொரு முறை பார்த்தவர். தாத்தாவும் பேரனும் படைத்ததைத் தொட அயலார்க்கு உரிமையுண்டா என்று அவரை ஒருமுறை சீண்டினோம். "ஓவியம் நன்றாயிருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லும்" என்றார். நம் நடுவரிடமிருந்தும் நாம் எதிர்பார்த்தது அவ்வளவே.

நம் தமிழ்நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். ஜெமினி ஸ்டூடியோவில் 1947-இலேயே தாணு என்பவர் 'சினிமா கதம்பம்' என்ற சித்திரப்படம் செய்தார். சென்னையின் பென்டாமீடியா 2000-இல் கணிப்பொறி கொண்டு 'பாண்டவாஸ்' என்ற முழுநீளப் படத்தை ஆங்கிலத்தில் எடுத்தது. தேசிய விருதும் பெற்றது. 2007-இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. இவை குறையற்றவை என்று வாதிட நாம் வரவில்லை. பாண்டவரின் நடை மரப்பாச்சி நடை. முகத்தில் உணர்ச்சி ஒட்ட மறுக்கிறது. ஆயினும் முதற்பிள்ளை தத்தித்தான் நடக்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளையைப் பார்க்க நாம் போனோமா? 'இனிமே நாங்கதான்' வந்த வாரம் நாம் விடுப்பில் ஊரிலிருந்தோம். அக்காள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரையரங்கு வரை சென்று, அடுத்த அரங்கில் ஓடிய பெரிய நாயகர் படத்துக்கே சீட்டு வாங்கினோம். "மாமா, அந்தப் பொம்மைப் படம்" என்று இளையவன் சட்டையை இழுத்தான். "அது சின்னப் பிள்ளைங்களுக்குடா" என்றோம். அவனுக்கு அப்போது வயது ஆறு. நடுவரைக் குற்றஞ்சாட்டும் இக்கட்டுரையில் இதனை மறைப்பது அறமன்று என்பதால் எழுதுகிறோம்.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது சற்றுக் கூர்மையானது. இவ்வன்பெல்லாம் படத்தின்மீது கொண்டதன்று, போன இளமையின்மீது கொண்டது என்பர். இருக்கட்டும். இளமையில் நாம் பார்த்தவை ஆயிரம். பற்பொடி விளம்பரமும் பார்த்தோம், பயிர்த்தொழில் நிகழ்ச்சியும் பார்த்தோம். அவற்றுக்காக எவரும் உருகவில்லை. ஆயிரத்துள் பத்தே நெஞ்சில் தங்கின எனில், தங்கியதற்குக் காரணம் நம் வயதில் மட்டும் இராது. வரைந்தவன் கையிலும் இருக்கவேண்டும். மேலும், நம் மகளுக்கு எந்த இளமையை நினைத்து ஏக்கம்? அவள் அப்படத்தைப் பார்த்தது சென்ற ஆண்டுதான்.

அப்படம் அவள் கண்ணுக்கு எட்டியதே அன்பர்களால். திரையரங்கு கைவிட்ட படத்தைக் கார்ட்டூன் நெட்வொர்க் முதலான தொலைக்காட்சிகள் விடுமுறை நாட்களில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. பார்த்த பிள்ளைகள் ஒளிநாடாவில் பதிந்தனர், தேய்ந்த பிரதியைக் கைமாற்றினர், நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அந்த அனுமனை வரைந்தனர், வளர்ந்தபின் தம் பிள்ளைகளுக்குக் காட்டினர். முப்பதாண்டு இவ்வாறு நடந்தது. அதன் பயனாகவே 2025 சனவரி 24-ஆம் நாள் அது புதுப்பொலிவோடு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில், நாடெங்கும் திரையரங்குகளுக்கு வந்தது. தென் கல்கத்தா அரங்கொன்றில் நாம் இந்தி வடிவத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். கும்பகருணன் எழும் காட்சியில் மகள் நம் கையை இறுகப் பற்றினாள். சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் மறைந்துவிட்டனர். நிறைந்த அரங்கில் ஒலித்த கைதட்டல் அவ்விருவர் காதிலும் விழவில்லை.

வீடு திரும்பிய இரவு, "அவன் அண்ணன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையாப்பா?" என்று கேட்டாள். கம்பனைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தோம். யுத்த காண்டம், கும்பகருணன் வதைப் படலம். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அவன் அறிவுரை சொல்வதையும், கேளாத அண்ணனுக்காகவே சாகப் போவதையும், அழைக்க வந்த வீடணனைத் திருப்பி அனுப்புவதையும் ஒவ்வொரு பாட்டாகப் பொருள் சொன்னோம். பாதிக்கு நமக்கே பொருள் தெரியவில்லை. அகராதியும் எடுக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டாகப் பிரிக்காத நூல் அது. அதனைப் பிரிக்க வைத்தது எந்தப் பட்டிமன்றமும் அன்று.

ஆட்சிக் குழுவினர்க்கு நாம் எழுத்து வடிவில் கொடுத்துள்ள வேண்டுகோளை இங்கும் பதிகிறோம். ஆண்டு விழாவில் மூன்று நாள் மாலைகளில் ஒரு மாலையைச் சித்திரப் படத்துக்கு ஒதுக்குக. குழந்தைகள் பிற்பகல் நிகழ்ச்சியாக அன்று. பெரியோரும் அமர்ந்து பார்க்கும் மாலை நிகழ்ச்சியாகவே. 'ஏக் அநேக்' ஏழு நிமிடந்தான். அதற்கு நம் பிள்ளைகளே தமிழில் உரையாடல் எழுதிக் குரல் கொடுத்துப் பயிலட்டும். செலவு நோக்கி அஞ்சுவோர், சென்ற ஆண்டு பட்டிமன்றப் பேச்சாளர் மூவர்க்கு வானூர்திக் கட்டணம் என்ன ஆயிற்று என்று பொருளாளரைக் கேட்டுக்கொள்ளலாம்.

வரும் தைத்திங்கள் போட்டிக்கும் மகள் பெயர் கொடுத்துவிட்டாள். தலைப்பு இம்முறையும் காப்பிய மாந்தரே. மாந்தன் இம்முறையும் கும்பகருணனே. முதல் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளேன் அம்மா என்று கேட்டுப் பார்த்தோம். மாட்டாளாம். நடுவர் யாரென்று இன்னும் அறிவிக்கப்படவில்லை.